ஆத்தாளுக்கு வைத்த சொம்பில் வந்த வாடை

என் மகள் செல்வி பதினான்கு வயதில் கசக்கிப் போட்ட துணி மாதிரிக் கோரைப்பாயில் கிடந்தாள். கன்னம் ஒட்டிவிட்டது. கண் குழிக்குள் போய்விட்டது. நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. வாயாலும் வயிற்றாலும் போய்க்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து என் முந்தானை முழுக்க அந்த வாடை. பெற்றவளுக்குப் பிள்ளையின் அசிங்கம் அசிங்கமாகத் தெரியாது என்பார்கள். பொய். எனக்குக் குமட்டியது. குமட்டிக்கொண்டேதான் துடைத்தேன். அவளுக்கு முன்னால் பெற்ற இரண்டும் தங்கவில்லை. இதுவும் போய்விட்டால் இந்த ராமாயி எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன்.

சமயபுரத்தாளை நம்பி வருஷா வருஷம் என்னோடு நடந்து வருகிற ஜனங்களே, நம் குழுவின் மலருக்கு ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உங்களில் சிலருக்கு ஆத்தா கனவில் வந்திருக்கிறாள். சிலருக்குச் சலங்கைச் சத்தமாக வந்திருக்கிறாள். ஒருவர் வீட்டில் பூவே இல்லாமல் மல்லிகை மணத்ததாம். நம்புகிறேன். ஆனால் எனக்கு அவள் வந்தது கக்கூஸ் வாடையாக. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொண்டே படியுங்கள். நானும் சுளித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இது நடந்தது 1959ஆம் வருஷம், சித்திரை மாதக் கடைசி. அப்போது எனக்கு அம்மா மண்டபம் போகிற சாலையில் சின்ன இட்லிக் கடை. பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரையும் சினிமா நோட்டீசையும் எழுத்துக்கூட்டிக் கூட்டித்தான் படிக்கக் கற்றேன். பழமொழி மட்டும் நிறையத் தெரியும். இட்லி தின்ன வந்தவர்கள் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போவதுபோல ஆளுக்கு ஒன்றாக விட்டுப்போனது.

அந்தக் கோடையில் ஒரு சேவா சங்கத்தார் ஹைஸ்கூல் பெண்களுக்கு முகாம் போட்டார்கள். முப்பத்தாறு பெண்கள், பன்னிரண்டு நாள். முக்கொம்புக்குக் கொஞ்சம் கிழக்கே, காவிரிக் கரையில் ஒரு மாந்தோப்பு. தேகப்பயிற்சி, முதலுதவி, தையல், பாட்டு என்று சொன்னார்கள். செல்வி போகவேண்டும் என்று அடம் பிடித்தாள். வயசுப் பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது என்று என் வீட்டுக்காரர் முறைத்தார். சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு நானே சமையல்காரியாகப் போய்விட்டேன். கண்ணெதிரே இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நினைப்பு.

முகாமை நடத்தியவர் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மா. எல்லாரும் ஆபீசரம்மா என்போம். கழுத்தில் விசில், கையில் இங்கிலீஷ் புத்தகம். நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். தோப்பைச் சுற்றிக் கயிறு கட்டினார். காவலுக்கு ஆள் போட்டார். தலையை எண்ணாமல் தூங்க விடமாட்டார். அணைக்கட்டுப் பக்கம் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். கொண்டுவந்து விட்ட பெற்றோரிடம், “உங்க பொண்ணுங்க இங்க வீட்டை விடப் பத்திரமா இருப்பாங்க” என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்னார். வெளியிலிருந்து ஒரு ஈ உள்ளே வர முடியாது. உள்ளேயே இருந்ததுதான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

சித்திரையில் காவிரி எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே மணல். எதிர்க்கரை ஓரத்தில் நூல் மாதிரி ஒரு ஓட்டம். தண்ணீருக்கு மணலில் இடுப்பளவு தோண்டி ஊற்று எடுப்போம். முதலில் ஊறுகிற கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டால் பிறகு வருவது கண்ணாடி. கல்கண்டு மாதிரி இருக்கும். அப்படி ஒரு ஊற்று தோப்புக்கு நேர் கீழே தோண்டினோம்.

கக்கூஸுக்குக் குழி வெட்டத் திருச்சியிலிருந்து துப்புரவு வேலை செய்கிற மாரிமுத்து என்கிறவரை வரவழைத்தார்கள். ஆபீசரம்மா அதற்குக் காட்டிய இடம் ஆற்று மணல். ஊற்றுக்கு மேற்கே, முப்பது நாற்பது தப்படி தள்ளி. சுற்றிலும் பனையோலைத் தட்டி.

மாரிமுத்து மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. “இங்க வேணாங்கம்மா. ஊத்து கெழக்கால இருக்கு. ஆறு மேலதான் காஞ்சிருக்கு. அடியில போயிக்கிட்டேதான் இருக்கும். தோப்புக்குப் பின்னால மேட்டுல வெட்டித் தரேன்.”

“தோப்புக்குப் பின்னாடி ரோடு போகுதுப்பா. லாரிக்காரன் போவான், வருவான். அத்தனையும் வயசுப் பொண்ணுங்க. எனக்கு அவங்க மானம் முக்கியம்” என்றார் ஆபீசரம்மா.

அதுவும் நியாயம்தானே. எனக்கும் பெண் இருக்கிறாளே. அதனால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “ஆபீசரம்மாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும். வெட்டுன்னா வெட்டேம்ப்பா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் நீ என்றேன். அவர் நீங்கள் என்றார். “சரிங்கம்மா. குடிக்கப்போறது நீங்க” என்று சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எட்டி நின்று, சொம்பு அவர் கையில் பட்டுவிடாமல், உயரத் தூக்கி ஊற்றினேன். அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக் குடித்தார். எனக்கு மூக்கைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கையில் சொம்பு இருந்ததால் பிடிக்கவில்லை. எதைப் பார்த்து அருவருப்புப் பட்டேன் பாருங்கள். இதை எழுதும்போது என்னை நினைத்துத்தான் எனக்குக் குமட்டுகிறது.

இன்னொரு வாயும் என்னை எச்சரித்தது. ஃபிலோமினா என்று ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும். நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், முதலுதவி சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். முதல் நாளே அடுப்படிக்கு வந்து, “அக்கா, குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வச்சிடலாமா?” என்றாள்.

“எதை? ஊத்துத் தண்ணியையா? ஏம்மா, தாய்ப்பாலை யாராச்சும் காய்ச்சிக் குடுப்பாங்களா?”

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். செல்விதான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். ஃபிலோமினாவும் சிரித்துவிட்டு, “தாய்க்கே சீக்குன்னா என்னக்கா பண்ணுவீங்க?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “காவேரிக்குச் சீக்கு வந்தா அன்னிக்கு உலகம் இருக்காது. போயி உன் கட்டுத்துணியைச் சுத்து” என்று விரட்டினேன். நம் பக்கத்து ஆட்களுக்கு இருக்கிற திமிர் இது. கிணற்றைச் சந்தேகப்படுவோம், குளத்தைச் சந்தேகப்படுவோம். ஊற்றைச் சந்தேகப்பட மாட்டோம். தெளிவாக இருந்தால் சுத்தம் என்று நினைத்துவிட்டோம்.

முகாம் ஆரம்பித்தது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணுக்கு வயிற்றால் போனது. மாங்காய் தின்றிருப்பாள் என்றேன். புதன்கிழமை விடியும்போது இன்னும் மூன்று பேர். அதில் செல்வி ஒருத்தி. மாலைக்குள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள். வாந்தி வேறு. ஒரு கூடாரத்தை ஒதுக்கி ஆறு பேரையும் படுக்க வைத்தோம். உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஈ வாயிலும் மூக்கிலும் மொய்த்தது. வாளி நிரம்பும் வேகத்துக்கு எங்களால் கொட்டி வர முடியவில்லை. பாயை மாற்றினால் அரை மணி நேரம் தாங்காது. பாதி நேரம் மணலை அள்ளிப் போட்டு மூடினோம்.

அது என்ன வியாதி என்று எல்லாருக்கும் தெரியும். பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. வந்து உட்கார்ந்த பிறகும் திறக்கவில்லை. ஆபீசரம்மா, “வெயில் ஒத்துக்கலை. வெளியில யாரும் பேசிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விருந்தாளி வராங்க” என்றார். சங்கத்துக்கு வேண்டிய ஒரு பெரிய மனிதர் முகாமைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு வண்ணக் காகிதத்தில் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். குடல் கூழுக்கு அழுகிறதாம், கொண்டை பூவுக்கு அழுகிறதாம்.

“பிள்ளைங்களைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்கம்மா” என்று கேட்டேன்.

“பஸ் நிக்கிற இடத்துக்கு ஒரு மைலு. இந்த நிலைமையில எப்படித் தூக்கிட்டுப் போவே ராமாயி? வெள்ளிக்கிழமை முடியட்டும். நானே வண்டி வச்சு அனுப்பறேன்.”

நான் சரி என்றேன். பெற்ற பிள்ளை சாகக் கிடக்கிறது, நான் சரி என்றேன். ஆபீசர் என்றால் எழுந்து நின்றே பழகிய கால். என் வீட்டுக்காரருக்குக்கூட ஆள் அனுப்பவில்லை. அனுப்பினால், “நீ கூட இருந்து என்ன கிழிச்சே” என்று கேட்பார் என்று பயம்.

புதன்கிழமை மத்தியானம் ஆபீசரம்மா மாரிமுத்துவைக் கூப்பிட்டு, விருந்தாளிக்கு நாற்றம் வரக்கூடாது என்று சொல்லி, குழியில் இரண்டு டின் பினாயில் ஊற்றச் சொன்னார். மேலே பத்துக் குடம் தண்ணீரும் விடச் சொன்னார். அவர் ஊற்றினார். முடித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது அன்றும் எட்டி நின்றே ஊற்றினேன். மணல் அத்தனையையும் உறிஞ்சிவிட்டது. எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை.

ஃபிலோமினா மட்டும் தன் போக்கில் ஒரு சின்ன அடுப்பை மூட்டி, கொதித்த தண்ணீரில் கஞ்சி காய்ச்சி, உப்புப் போட்டு, ஆறு பேருக்கும் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே இருந்தாள். சட்டையெல்லாம் வாந்தி. குமட்டினால் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப வந்து ஊட்டுவாள். “உனக்கு அருவருப்பே இல்லியாடி?” என்று கேட்டேன். “ரொம்ப இருக்குக்கா. அதுக்காக ஸ்பூனை வேற யாரு பிடிக்கறது?” என்றாள். ஸ்பூனை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் வெளியே ஓடினாள்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். செல்விக்குப் பேச்சு நின்றுவிட்டது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். நான் எழுந்து ஆற்றுக்குள் இறங்கிக் கிழக்கே பார்த்து மணலில் விழுந்தேன். அந்தத் திக்கில்தான் நம் ஆத்தா இருக்கிறாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழுதேன். நேர்ந்துகொள்ள என்னிடம் எதுவும் பாக்கியில்லை. மொட்டை, மாவிளக்கு, அக்கினிச்சட்டி எல்லாம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கே நேர்ந்து முடித்துவிட்டேன். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். “ஆத்தா, இது எதுல வருதுன்னு எனக்குக் காட்டு. காட்டிட்டு அப்புறம் என்னை என்ன வேணா பண்ணு.”

எதுவும் நடக்கவில்லை. காற்றுக்கூட அடிக்கவில்லை. மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. விருந்தாளிக்கும், பெண்களுக்கும், பக்கத்து ஊரிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் பானகம் கரைக்க வேண்டும். ஊற்றுக்குப் போனேன். முதல் தண்ணீரை ஒரு பித்தளைச் சொம்பில் ஆத்தாளுக்கு என்று எடுத்து வேப்பிலைக் கொத்து போட்டுச் செல்வியின் தலைமாட்டில் வைத்தேன். சீக்கு வந்த வீட்டில் நாம் வைக்கிற வழக்கம்தான். பூஜை முடிந்ததும் அதைத் தீர்த்தமாகக் கொடுப்போம். பிறகு அதே ஊற்றில் இறைத்து இரண்டு அண்டா நிறையப் பானகம் கரைத்தேன். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, பச்சைக் கர்ப்பூரம். மணம் தோப்பையே தூக்கியது. அம்மன் படத்துக்கு முன்னால் அண்டாக்களை வைத்துச் சூடம் காட்டினேன். பெண்கள் தம்ளரோடு வரிசையில் நின்றார்கள். ஜீப் வருகிற சத்தம் கேட்டதும் ஊற்றலாம் என்றார் ஆபீசரம்மா.

அந்த இடைவெளியில் மகளுக்குத் தீர்த்தம் கொடுக்கப் போனேன். “காய்ச்சிட்டுக் குடுங்கக்கா” என்றாள் ஃபிலோமினா. “தீர்த்தத்தைக் காய்ச்சுவாங்களாடி?” என்றேன். செல்வியின் தலையை மடியில் தூக்கி வைத்தேன். வேப்பிலையை விலக்கிவிட்டுச் சொம்பை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். அவளுக்கு விழுங்கச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க நானும் குனிந்தேன்.

பினாயில் வாடை.

முதலில் என் கை என்று நினைத்தேன். கையை மோந்தேன். கையில் சாம்பிராணி வாடைதான். மறுபடியும் சொம்பை மோந்தேன். சந்தேகமே இல்லை. மாரிமுத்து குழியில் ஊற்றிய பினாயில். ஆத்தாளுக்கு வைத்த சொம்பில்.

தலைக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. பினாயில் வந்தால், அதற்கு முன்னால் அதே குழியில் இருந்ததெல்லாம் எங்கே வந்தது? ஆறு நாளாக எதில் சோறு வடித்தேன்? எதில் மோர் கலக்கினேன்? எதைத் தாய்ப்பால் என்றேன்? என் பிள்ளைக்கு நான் என் கையால் எதைக் கொடுத்தேன்? அப்படியே பாய்க்குப் பக்கத்தில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தேன். வியாதியால் இல்லை. அருவருப்பால். அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு அருவருப்பு எனக்கு வந்ததில்லை. முந்தின நாள் கேட்டதற்கு ஆத்தா அனுப்பிய பதில் அதுதான் என்று வாயைத் துடைக்கும்போதே தெரிந்துவிட்டது.

ஜீப் சத்தம் கேட்டது.

சொம்பை ஃபிலோமினாவிடம் நீட்டி, “மோந்து பாரு” என்று சொல்லிவிட்டு ஓடினேன். வரிசையில் முதல் பெண் தம்ளரை நீட்டிவிட்டாள். பரிமாற நின்றவள் கரண்டியை முக்கிவிட்டாள். “ஊத்தாதே” என்று கத்தினேன்.

“என்ன ராமாயி இது?” என்றார் ஆபீசரம்மா.

“தண்ணி கெட்டுப்போச்சும்மா. கக்கூஸ் குழி ஊத்துல கலந்திடுச்சு.”

“உன் மேலதான் அந்த நாத்தம் அடிக்குது. ரெண்டு நாளா அங்கேயே கிடக்கறே. தள்ளு. சாமிக்குப் படைச்சதை வேணாம்னு சொல்லக் கூடாது.”

அந்தச் சொல்தான் என்னைக் கட்டிப்போட்டது. உண்மைதான். சூடம் காட்டிய பானகம். ஆத்தா வாய் வைத்தது. அதைக் கீழே கொட்டினால் என் மகளை எடுத்துக்கொள்வாளோ? கூடாரத்தில் ஒரு உயிர் ஊசலாடுகிறது. அந்த நேரத்திலா நைவேத்தியத்தைக் கொட்டுவேன்? என் கை வரவில்லை. வரிசையில் நின்ற முப்பது பெண்களும் என்னைப் பார்த்தார்கள். தாகத்தில் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மாசிக் கடைசியிலிருந்து பங்குனிக் கடைசி வரை, இருபத்தெட்டு நாள், நம் ஆத்தா பச்சைப் பட்டினி கிடக்கிறாள். மற்ற சாமிக்கு நாம் விரதம் இருப்போம். இவள் நமக்காக விரதம் இருக்கிறாள். நம் பிள்ளைகளுக்கு நோய்நொடி வரக்கூடாது என்று சமைத்த சோறு தொடாமல், இளநீரும் நீர்மோரும் பானகமுமாகக் கிடக்கிறாள். அந்த விரதம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்காக இருபத்தெட்டு நாள் கிடந்தவள், இருபத்தொன்பதாவது நாளும் கிடக்க மாட்டாளா? இன்றைக்கு அவளுக்குப் பானகம் இல்லை. அவ்வளவுதானே. கோபித்துக்கொள்வாளா?

மாட்டாள்.

அண்டாவைக் கையால் சாய்க்க முடியாது. இரண்டு ஆள் சுமை. காலால் உதைத்தேன். சாமிக்குப் படைத்ததைக் காலால் உதைத்தேன் ஐயா. மூன்று கல் மேல் நின்ற அண்டா ஒரு ஆட்டம் ஆடிவிட்டு உருண்டது. “அக்கா, அந்தப் பக்கம் நீங்க பிடிங்க” என்று ஃபிலோமினா சொம்போடு ஓடி வந்தாள். இன்னொன்றையும் இரண்டு பேருமாகச் சாய்த்தோம். வெல்லத் தண்ணீர் தோப்பு முழுக்க ஓடியது. ஈ அதன் பின்னாலேயே ஓடியது. ஆபீசரம்மா “பைத்தியக்காரி, பைத்தியக்காரி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓடிய பானகம் ஜீப்பிலிருந்து இறங்கிய பெரியவரின் வெள்ளைச் செருப்புக்குள் புகுந்தது.

அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். “யாரும்மா இது?” என்றார்.

ஃபிலோமினாதான் சொம்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “ஊத்துத் தண்ணிங்க. குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க. அந்தக் கூடாரத்துல ஆறு பேரு சாகக் கிடக்கிறாங்க.”

அவர் மோந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் எனக்குப் பைத்தியம் இல்லை என்று எனக்கே உறுதியானது. கூடாரத்துப் பக்கம் நான்கு எட்டு வைத்தார். வாடை தாங்காமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, “மாலையெல்லாம் எடுத்து வெளியில போடு. பிள்ளைங்களை ஏத்து” என்றார். ஆபீசரம்மா தோரணத்துக்குக் கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அன்று பாவமாக இல்லை. இன்றைக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஆறு பேரையும் இரண்டு நடையாகத் திருச்சிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி நரம்பில் ஏற்றினார்கள். டாக்டர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்.

“கேம்ப்ல மொத்தம் எத்தனை பேரும்மா?”

“முப்பத்தாறுங்க.”

“இன்னிக்குக் காலையில அந்தத் தண்ணியை எத்தனை பேரு குடிச்சாங்க?”

“ஒருத்தரும் இல்லீங்க.”

அவர் நர்ஸம்மாவைத் திரும்பிப் பார்த்து, “வராண்டாவுல பாய் போட வேண்டாம். ஆறு கட்டில் போதும்” என்றார். நான் அந்த வராண்டாவிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது எவ்வளவு நீளம் என்று பார்த்தேன். காலியாகக் கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் செல்வி கண் விழித்து, “அம்மா, உன் மேல நாத்தம் அடிக்குது, போயிக் குளி” என்றாள். உலகத்தில் எந்த மகளும் தாயிடம் இவ்வளவு இனிமையாகப் பேசியிருக்க மாட்டாள். ஃபிலோமினா ஊட்டிய கஞ்சித் தண்ணீர்தான் வெள்ளிக்கிழமை வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்தது என்றார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். முகாமைக் கலைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு எனக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. மாரிமுத்துவைத் தேடிக்கொண்டு போனேன். திருச்சியில் ஒரு சந்து முனையில் கைவண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே” என்றேன். இப்போதுதான் அண்ணே வந்தது. “நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கலை. அன்னிக்குத் தண்ணிய எட்டி நின்னு வேற ஊத்துனேன். மன்னிச்சிடுங்க.”

அவர் வண்டியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. “எட்டி நின்னாலும் கிட்ட நின்னாலும் நீங்க ஊத்துனது அந்த ஊத்துத் தண்ணிதானேம்மா. எனக்கும் ரெண்டு நாளு போச்சு. எனக்கு ஜீப்பு வரலை” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆறு பேர் என்று ஊருக்கெல்லாம் எண்ணிச் சொன்னேனே, ஏழாவது ஆள் ஒருவர் இருந்ததை யாரும் எண்ணவில்லை. அன்று பினாயில் சொம்பில் கண்ட அழுக்கைவிட என்னிடத்தில் கண்டது அதிகம். அதைக் கழுவ எந்தப் பினாயிலும் போதாது. இன்றைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் வேலை வந்தால் அவர் என் கடைக்கு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் குடிக்கிற தம்ளரில் குடிப்பார். முதல் மாதம் நான்கு வாடிக்கைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். போகட்டும் என்று விட்டேன். அதில் இரண்டு பேர் இட்லி நினைப்பு வந்து திரும்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் கடையில் கொதிக்காத தண்ணீர் கிடையாது. வெந்நீர் ராமாயி என்று பட்டப்பெயர்கூட வைத்துவிட்டார்கள். செல்விக்குக் கல்யாணம் ஆகிக் கைலாசபுரத்தில் புதுசாகக் கட்டிய குடியிருப்பில் இருக்கிறாள். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. அவளும் முதல் தம்ளரை மோந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். மாப்பிள்ளை கேலி செய்கிறாராம். செய்யட்டும்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். கோடை வந்துவிட்டால் பிள்ளைகளை முகாமுக்கும் யாத்திரைக்கும் அனுப்புகிறோம். அனுப்புங்கள். நல்லதுதான். கயிறு கட்டியிருக்கிறார்களா, காவல் போட்டிருக்கிறார்களா என்று கேட்கிறோம். குழி எங்கே, ஊற்று எங்கே என்றும் கேளுங்கள். குழி வெட்டியவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும். அது கேட்கக் கூசுகிற கேள்வி இல்லை. உள்ளே கெட்டுப்போனதை மூடி வைத்துத் தோரணம் கட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையையும் விடாதீர்கள், எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சரி. ஆத்தாளிடம் கேளுங்கள், கட்டாயம் பதில் வரும். ஆனால் மல்லிகை மணமாகத்தான் வரவேண்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அவள் குமட்டலாகவும் வருவாள். கைவண்டி தள்ளுகிறவர் வாயாலும் பேசுவாள்.

வருகிற சித்திரையிலும் சமயபுரம் போகிற பாதையில் கொள்ளிடம் பாலம் தாண்டி என் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர். மாரிமுத்து அண்ணன்தான் எடுத்து ஊற்றுவார். வாருங்கள். குடிப்பதற்கு முன்னால் தாராளமாக மோந்து பாருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.